பபூன் பரம்பரை

ஒருவன் தனியே மேடையேறி, வேஷமும் கதையும் இன்றி, வாய்ப்பேச்சு ஒன்றையே மூலதனமாகக் கொண்டு சபையைச் சிரிக்க வைக்கும் ‘ஸ்டாண்ட் அப் காமெடி’ என்னும் கலை தமிழுக்கு முற்றிலும் புதியது என்று, மதுரைப் பரவை காய்கறி மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஒரு சுவரொட்டி இந்த வாரம் எனக்கு உபதேசம் செய்தது. கத்தரிக்காய் வாங்கப் போனவன் கோபத்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் பாலர் நாடக சபை கண்ட மதுரையிலா இந்தப் புதுமை! ஸ்பெஷல் நாடகத்தில், வள்ளியும் முருகனும் வருவதற்கு வெகுநேரம் முன்பே, இரவு பத்து மணி சுமாருக்குப் பபூன் என்னும் கோமாளி பிரவேசித்து, ஆர்மோனியக்காரரைப் பேச்சுக்கு இழுத்து, இன்னும் பாய் விரித்து முடிக்காத ஜனங்களைச் சிரிக்க வைத்து உட்கார்த்தும் சாமர்த்தியம் வேறு என்னவாம்?

வழக்கமான வாசகர்கள் இப்போது பெருமூச்சு விடுவார்கள். ஆம், ஆடல் பாடலைப் பற்றித்தான் மறுபடியும் சொல்லப் போகிறேன். விடிய விடிய நாடகம் நடந்த திருவிழா மேடைகளைச் சினிமாப் பாட்டுக்கு ஆடும் கோஷ்டிகளுக்குத் தாரை வார்த்த திருவிழாக் கமிட்டியாரை நான் மன்னிப்பதாக இல்லை. அவர்கள் மூடியது ஒரு பள்ளிக்கூடத்தை. அதற்குச் சாட்சி ஹாஸ்ய நடிகர் என். எஸ். கிருஷ்ணன்.

1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கிருஷ்ணன், சிறு வயதில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றவர், வில்லுப்பாட்டில் பழகியவர், பின்பு டி. கே. எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையில் சேர்ந்து தேர்ந்தவர். ‘மேனகா’ என்ற படத்தில் 1935-இல் அவர் திரைக்கு வந்ததைச் சரித்திரக்காரர்கள் ஆரம்பம் என்பார்கள். நானோ அந்தத் தின்பண்டத் தட்டிலிருந்து கணக்கைத் தொடங்குவேன். மேடையில் நிற்கும் நடிகனுக்குச் சபையின் முகம் மங்கலாகத்தான் தெரியும். வரிசைகளுக்கிடையே நடக்கும் வியாபாரிக்கோ அது ரேகை ரேகையாகத் தெரியும். எந்தக் கட்டத்தில் ஜனங்கள் முறுக்குக்காரனைக் கைதட்டி அழைக்கிறார்களோ, அந்தக் கட்டத்தில் நாடகம் தளர்ந்துவிட்டது என்று பொருள். எந்தக் கட்டத்தில் அவனை ஏறிட்டும் பாராமல் இருக்கிறார்களோ, அங்கே நடிகன் ஜயித்துவிட்டான். தன் பிழைப்பு கெடும் இடமே கலை சிறக்கும் இடம் என்பதைத் தட்டு ஏந்திய கையோடு ஒரு சிறுவன் கண்டுகொண்டான் என்றால், அதைவிட மேலான சிட்சை எந்தக் கலாசாலையில் கிடைக்கும்? அவர் பிற்பாடு கலைவாணர் ஆனதற்கு இதுவே பிரதான காரணம் என்பது என் அபிப்பிராயம். ஆதாரம் கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

அந்தச் சுவரொட்டி சொன்ன காட்சிக்குப் பணம் கட்டி வந்தவன் சிரிப்பதென்று தீர்மானித்தே வருகிறான். எழுந்து போக முழு உரிமையுள்ள திருவிழாக் கூட்டத்தை இருத்திவைப்பதே ஹாஸ்யக்காரனுக்குப் பரீட்சை. ஆகவே கமிட்டியாரே, இந்த வருஷம் ஆடல் பாடலுக்கு முன்னால் ஒரு மணி நேரமாவது பபூனுக்குக் கொடுங்கள். உங்கள் தயவில் நாளைக்கு ஒரு கிருஷ்ணன் கிடைத்தால், உங்களைத் திட்டி நான் இதுவரை எழுதிய அத்தனை பத்திகளையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.