வாவி ஊரியைத் தொட்டியில போடாதீங்க



நம்மட பொடியன்மார் சிலருக்கு இப்ப உப்புத்தண்ணித் தொட்டி ஆசை வந்திருக்கு. நல்ல ஆசைதான், குறை சொல்லல்ல. ஆனா மணலைச் சுத்தம் பண்ண எண்டு வாவிக் கரையில ஊரி பொறுக்கிக் கொண்டு போறது எனக்குச் சரியாப் படல்ல.

முருகைக்கல் தொட்டிக்கு விற்கிற நசேரியஸ் எண்ட நத்தை வேற. அது மணலுக்குள்ள புதைஞ்சு, தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை மட்டும் வெளியில நீட்டிக் கொண்டு கிடக்கும். இறால் துண்டு ஒண்டு விழுந்தாப் போதும், வாசம் பிடிச்சு மேல வந்திரும். மீன் விட்ட மிச்சத்தையும் செத்ததையும் தின்னும், போற வழியில மணலையும் கிளறும். பாசி தின்னாது. பாசி போகும் எண்டு வாங்கினா காசுதான் போகும். புதுத் தொட்டியில முப்பது நாப்பது போட்டா பட்டினியில மணலுக்குள்ளயே செத்து, அமோனியா கூடி மீனும் சாகும். மீனுக்கு வருத்தம் எண்டு செம்பு கலந்த மருந்து ஊத்தினாலும் நத்தை தப்பாது.

நம்மட கண்டல் அடியில கிடக்கிற பெரிய ஊரி 10 சென்ரிமீற்றரையும் தாண்டி வளரும். வளர்ந்தது தின்னுறது விழுந்த கண்டல் இலையை. வீட்டுத் தொட்டியில அதுக்கு எங்க போறது? மாரியில வாவித் தண்ணி உப்புக் குறைஞ்சிரும், கடல் தண்ணியில லீற்றருக்கு 35 கிராம் அளவில உப்பு. கடையில வாங்கின நத்தையையே துளித்துளியாத் தண்ணி விட்டுப் பழக்கித்தான் இறக்குவாங்க.

"ரெண்டு ஊரி எடுத்தா வாவி வத்திருமா டீச்சர்?" எண்டு ஒரு பிள்ளை கேட்டான். வத்தாது. ஆனா அது செத்தா அடுத்த கிழமை திரும்ப வருவீங்க, பையோட. இறாலும் நண்டும் குஞ்சா வளர்ற இடத்தில இலையைத் திண்டு மண்ணோட சேர்க்கிறது அந்த ஊரிதான். இதைவிடப் பயம், தொட்டி அலுத்துப் போய் உள்ள இருந்ததை எல்லாம் வாவியில கொட்டுறது. அதை ஒருக்காலும் செய்யாதீங்க.

1848 செப்டெம்பரில எமர்சன் டெனன்ற் மட்டக்களப்புக்கு வந்து, நிலா வெளிச்சத்தில தோணியில போய் வாவியின்ட பாட்டைக் கேட்டார். மீன்பிடிகாரர் அவருக்குச் சொன்ன பேர் மீன் இல்ல, "அழுற ஊரி" எண்ட கருத்தில ஒரு தமிழ்ப் பேர். காட்டினதும் ரெண்டு வகை ஊரிதான், அதில ஒண்டு இந்தக் கண்டல் ஊரி. நாம "பாடும் மீன்" எண்டு பலகை வைச்சிட்டு ஊரியை மறந்திட்டம்.

உயிர் முருகைக்கல்லைப் பற்றி ஒரு சொல்: அதை உடைச்சு எடுக்கிறது சட்டப்படி குற்றம். காயாங்கேணி 2019 இல சரணாலயமாகிட்டு, அங்க போய்த் தேடாதீங்க.

பள்ளிக்கூடத்தில தொட்டி வைக்கச் சொல்லிக் கேட்ட பெற்றோருக்கு: நன்னீர்த் தொட்டி வைப்பம், நான் பாத்துக் கொள்றன். ஊரி பார்க்க ஆசையெண்டா ஒரு சனிக்கிழமை காலையில பிள்ளைகளோட வலையிறவுப் பாலத்தடிக்கு வாங்க. சேறு கிடக்கும், பழைய செருப்புப் போட்டு வாங்க.