மடியே முதற் பள்ளி

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையை எத்துணை நுணுகி நோக்கியுள்ளனர் என்பதை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகின்றது. தலை நிமிர்த்தி அசைந்தாடும் செங்கீரைப் பருவம் 5ஆம் திங்களிலும், தாலாட்டுக் கேட்கும் தாலப் பருவம் 7ஆம் திங்களிலும், கைகொட்டி மகிழும் சப்பாணிப் பருவம் 9ஆம் திங்களிலும், தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவம் 13ஆம் திங்களிலும், நிலவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவம் 15ஆம் திங்களிலும் நிகழ்வன என்பர். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடிய பெருமை நம் இசுலாமியத் தமிழிலக்கியத்திற்கு உண்டு. இப்பருவங்களுள் எழுத்தறிவிக்கும் பருவம் என ஒன்று இல்லை. ஆயினும், பின்னர் எழுத்தறிவதற்கு வேண்டிய அனைத்தும் இவற்றிலேயே வித்தூன்றப் பெறுகின்றன.

இதனை நாம் மறந்து வருகின்றோமோ என்னும் ஐயத்தை ஒரு நிகழ்ச்சி எனக்குள் எழுப்பியது. நான் நன்கறிந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவனை, மூன்றரை வயதில், ஓர் ஆங்கில வழி மழலையர் பள்ளிக்கு அழைத்துச் சென்றனர். அட்டைகளைக் காட்டி வண்ணங்களின் ஆங்கிலப் பெயர்களைக் கேட்டனர். அவன் வாய் திறக்கவில்லை. "இன்னும் பழக்கிக் கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டனர். அன்று மாலை அவ்வீட்டிற்குச் சென்றிருந்தேன். நன்னியின் மடியில் அமர்ந்தபடி, முந்திய இரவு அவர் சொன்ன காக்கைக் கதையை ஓரிடமும் விடாது எனக்குச் சொன்னான். நடுவே நான் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னதைத் திருத்தவும் செய்தான். அவனைத்தான் ஆயத்தமாகாதவன் என்று கூறிவிட்டனர்! மறுவாரமே மாலைதோறும் தனிப்பயிற்சி தொடங்கிற்று. நன்னியின் கதை நின்றது. பள்ளிக்கு ஆயத்தம் செய்கின்றோம் என்றெண்ணி, உண்மையான ஆயத்தத்தையே அக்குடும்பத்தார் நிறுத்திவிட்டனர்.

பள்ளிக்கு ஆயத்தமாதல் என்பது யாது? பிறர் சொல்வதைச் செவிமடுத்தல், தன் எண்ணத்தைச் சொல்லால் வெளியிடுதல், தன் முறை வரும்வரை பொறுத்தல், அறியாததை அஞ்சாது வினவுதல், தாயைச் சிறிது பொழுது பிரிந்திருக்கத் துணிதல் ஆகியவையே அது. இவற்றுள் எதனையும் அட்டை காட்டிப் பயிற்றுவித்தல் இயலாது. அன்புடையோர் அருகிருந்து பேசுவதாலும், கேட்பதாலும், உடன் விளையாடுவதாலுமே இவை கைவரும். குழந்தை பிறந்தவுடன் அதன் செவியில் பாங்கு சொல்லும் மரபினர் நாம். கண்ணுக்கு எழுத்தைக் காட்டுமுன் செவிக்குச் சொல்லை வழங்குகின்றோம். அவ்வரிசை முறையை அதன்பின்னும் போற்றுதல் வேண்டாவா?

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பருப்பைப் பொறுக்கும்போது எண்ணச் சொல்லலாம்; கடைத்தெருவில் காண்பவற்றிற்குப் பெயர் சொல்லலாம்; விடுகதை போடலாம். தாய்மொழியில் சொல்வளம் பெற்ற குழந்தை, பிறமொழியைக் கற்கும்போது புதிய ஒலியை மட்டுமே கற்கின்றது. பொருளை முன்னரே அறிந்திருக்கின்றது. சொல்வளம் பெறாத குழந்தைக்கோ இரண்டுமே சுமையாகின்றன.

'விடிந்தால் வேலைக்குச் செல்லும் தாய்க்கு இதற்கெல்லாம் பொழுதேது?' என்று வினவலாம். நேர்மையான வினாவே. பழி முழுவதையும் தாய்மார் மீது சுமத்துவது அறமன்று. 1907இல் உரோம் நகரில், சான் லொரென்சோ என்னும் ஏழை மக்கள் குடியிருப்பில், மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியதே, பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றிருந்த பிள்ளைகளுக்காகத்தான். அவ்வம்மையாரே 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். நம் நாட்டில் 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் வழிவந்தவையே அங்கன்வாடிகள். அவற்றை உணவு வழங்கும் இடமாக மட்டும் கருதாமல், வீட்டின் நீட்சியாக வளர்த்தெடுத்தல் அரசின் கடன். பள்ளிச் சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்குட்படுத்தலாகாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அச்சட்டம் குறிக்கும் வயதோ 6 முதல் 14 வரை. மூன்று வயதுக் குழந்தைக்கு அக்காவல் முழுமையாகக் கிட்டவில்லை என்பது வருந்தத்தக்கது.

நம் சமுதாயத்திற்கெனத் தனியே ஒன்று கூற விழைகின்றேன். நம் குடும்பங்கள் பலவற்றில் அத்தாமார் வளைகுடா நாடுகளில் பொருளீட்டுகின்றனர். குழந்தை அவர்களைக் கைப்பேசித் திரையிலேயே காண்கின்றது. 'சாப்பிட்டாயா? சேட்டை செய்யாதே' என்பதோடு அவ்வுரையாடல் முடிந்துவிடலாமா? நாள்தோறும் ஒரு சிறுகதை சொல்லலாமே! குழந்தையை ஒரு கதை சொல்லச் சொல்லிக் கேட்கலாமே! அழுகையை அடக்கக் கையில் திணிக்கப்படும் அதே கைப்பேசி, அப்பொழுதேனும் அன்பின் கருவியாகும். எழுத்தறியா நன்னிமாரின் நாவில் வாழும் தாலாட்டும் கதையும் அவர்களோடு மறைந்துவிடாமற் காப்பதும் நம் கடமையே.

தமிழ் பயிலும் மாணவ மாணவியரே, நாளைய பெற்றோர் நீங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், அருகிலுள்ள அங்கன்வாடிக்குச் சென்று கதை சொல்லுங்கள். உங்கள் வீட்டு மூத்தோரிடம் கேட்டறிந்த கதையாக அது இருக்கட்டும். பிள்ளைத்தமிழைத் தேர்வுக்காகப் படித்த நாம், அதன் பயனைப் பிள்ளைகளுக்கே வழங்குவோம். நான் குறிப்பிட்ட சிறுவனின் பெற்றோரிடம் நான் கேட்டுக்கொண்டதும் ஒன்றே: தனிப்பயிற்சி இருக்கட்டும், நன்னியின் கதையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.