மேக்ரோ போட்டவன் தப்பிச்சான், கூப்பிட்டவன் மாட்டினான்

மக்களே, "சாப்ட்வேர்காரனுக்குப் பொங்கலுக்குக் கூடவா லீவு இல்ல?"ன்னு ஊர்ல அம்மா கேட்டா இந்தப் பதிவைப் படிச்சுக் காட்டுங்க.

இங்க புனேயில எங்க டீம்ல ஒரு கோவில்பட்டிப் பையன். நாகர்கோவில் வண்டியில டிக்கெட் கன்ஃபர்ம். கிளம்புறதுக்கு முந்தின நாள் டெஸ்டிங்ல ஒரு பக் வந்துச்சு. மெஷின்லேர்ந்து வர்ற ரீடிங்ல, வரம்பைத் தாண்டினது மட்டும் காணாமப் போகுது. "நீ எழுதின வரிதானே? கேர்லெஸ்"னு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. டிக்கெட் கேன்சல். மூணு ராத்திரி ஆபீஸ்லயே கிடந்தான்.

அவன் எழுதினதுல என்ன தப்பு? அடுத்த ரீடிங், வரம்பு, ரெண்டுல பெரிசைக் கொடுன்னு 'மேக்ஸ்'கிட்ட கேட்டான். அது ஃபங்ஷன்னு நினைச்சான். ஆனா அது பழைய ஹெடர் ஃபைல்ல யாரோ போட்டு வச்ச சி மேக்ரோ. மேக்ரோவுக்குக் கணக்கெல்லாம் தெரியாது சாமி. கம்பைலர் பார்க்கறதுக்கு முன்னாடியே ப்ரீபிராசஸர் நாம கொடுத்ததை அப்படியே எழுத்தா ஒட்டிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தடவை ரீடிங் எடுத்துச்சு. பெரிசா இருந்ததால, திருப்பிக் கொடுக்க இன்னொரு தடவை எடுத்துச்சு. வந்தது அடுத்த ரீடிங்! முதல்ல வந்தது போயே போச்சு.

டிபக்கர்ல பார்த்தா ஒரே வரி, மேக்ரோவுக்குள்ள நுழையவே முடியல. கடைசியில ஜிசிசியில பெரிய எழுத்து 'ஈ' ஆப்ஷன் போட்டு, மேக்ரோ விரிஞ்ச கோடை எடுத்துப் பார்த்தோம். "அண்ணே, என் ஃபங்ஷன் ரெண்டு வாட்டி நிக்குது"ன்னான். அழாத குறை.

"அடைப்புக்குறி ஒழுங்காப் போட்டா மேக்ரோ பத்திரம்தான்"னார் ஒரு சீனியர். ஐயா, 3 + 1ஐ வர்க்கம் பண்ணச் சொன்னா 16க்குப் பதிலா 7 வருமே, அதுக்குத்தான் அடைப்புக்குறி மருந்து. இதுல எல்லா அடைப்புக்குறியும் இருந்துச்சு! ஸ்பீடுக்காகவா? 1999 சி தரத்துலயே இன்லைன் ஃபங்ஷன் வந்தாச்சு, ஆர்க்யுமென்ட்டை ஒரே தடவைதான் தொடும். லினக்ஸ் கெர்னல்லயும் மேக்ஸ் மேக்ரோதானேன்னா, அங்க மதிப்பை முதல்ல ஒரு வேரியபிள்ல எடுத்து வச்சுட்டுத்தான் ஒப்பிடுறாங்க. ஹெடர் ரெண்டு தடவை நுழையாம இருக்க மேக்ரோ வேணும், ஒத்துக்கறேன். ஃபங்ஷன் வேஷம் எதுக்கு?

அந்த மேக்ரோவை நேத்து நான் அழிச்சுட்டு ஃபங்ஷனா எழுதிட்டேன். பையனோட அப்ரைசல்ல மட்டும் அந்த 'கேர்லெஸ்' இன்னும் அப்படியே இருக்கு. அதை யாரு அழிப்பாங்க?