தகரத்தில் ஒரு கணக்கு

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவை நோக்கி ஏறும் மலைப்பாதைகளில் மோட்டார் வண்டிகளின் ஊர்வலம் தொடங்கிவிடும். கடந்த பருவத்தில் ஒருநாட் காலை, வலப்பனைச் சந்தியில் ராகலைக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். பழைய மினி கார் ஒன்று இரைந்துகொண்டு வந்தது. அதன் சக்கரங்கள் நான்கும் இயல்பை மீறி அகன்றிருந்தன. அவற்றை மூடுவதற்காக மட்காட்டுகள், அடைமாங்காயை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்ட சிறுவனின் கன்னம்போலப் புடைத்திருந்தன. அருகே நின்ற சக ஆசிரியர், "பணக்கொழுப்புக்கும் ஓர் உருவம் வேண்டுமல்லவா?" என்றார்.

நான் மறுமொழி கூறவில்லை. அந்த மட்காட்டுகளை வனைந்த கை எவருடையது என்பதை நான் அறிவேன். என்னிடம் கணிதம் கற்று, சாதாரண தரப் பரீட்சையில் அதே கணிதத்தில் தவறிப்போன மாணவன் ஒருவனின் கை அது. அவனுக்காக வாதாடவே இதனை எழுதுகிறேன். ஆயினும் அவனோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

சக்கரத்தை அகலமாக்கும் ஆசை வெறும் பகட்டிலே பிறந்ததன்று. வளைவில் விரையும் வண்டியை வீதியோடு பிடித்து வைப்பது டயர் ஒன்றே. 1934 முதல் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைக் கண்டுவரும் நுவரெலியாவுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1972இல் வெளிவந்த போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். என்னும் காரில் முன்சக்கரங்கள் ஆறு அங்குலமாகவும் பின்சக்கரங்கள் ஏழு அங்குலமாகவும் அமைந்தன. அந்த ஓர் அங்குலத்துக்காகப் பின்புற மட்காட்டையே அகலப்படுத்தினார்கள். சக்கரம் அகன்றால் உடலும் அகல வேண்டும். இல்லையேல் பள்ளத்தில் இறங்கும்போது டயர் தகரத்தில் உராயும், கல்லும் சேறும் பின்னால் வருபவன் முகத்தில் தெறிக்கும்.

இனி அந்த மினியைப் பாருங்கள். 1959இல் அது பிறந்தபோது அதன் சக்கரத்துக்குப் பத்து அங்குல விட்டமும் மூன்றரை அங்குல அகலமுமே இருந்தன. அதில் ஆறு அங்குல ரிம்மைப் பூட்ட வேண்டுமென்று உரிமையாளர் கேட்கிறார். மேலதிகமான இரண்டரை அங்குலத்தை உள்ளும் புறமுமாகப் பகிர்ந்தால் பக்கத்துக்கு ஒன்றேகால். ஆனால் உட்புறம் அவ்வளவு இடமில்லை; ஆகவே பெரும்பகுதி வெளியே வந்தாக வேண்டும். அவன் முதலில் சக்கரத்தைப் பூட்டி, ஸ்டியரிங்கை இருபுறமும் முற்றாகத் திருப்பிப் பார்த்தான். பிறகு கராஜில் நின்ற நால்வரைக் காருக்குள் ஏற்றினான். பாரத்தில் உடல் எவ்வளவு தாழ்கிறது என்று அறியத்தான். பழைய அட்டைப் பெட்டியைக் கிழித்து வளைவுக்கு அச்சு வெட்டினான். அதன்பின்னரே தகரத்தில் கை வைத்தான். மட்காட்டின் விளிம்பைப் பிளந்து புதுத்தகடு பற்றவைத்து, மரச் சுத்தியலாலும் இரும்புச் சுத்தியலாலும் மாறி மாறித் தட்டினான். இடப்பக்க வளைவு வலப்பக்கத்துக்கு ஒத்துவரும்வரை அவன் ஓயவில்லை. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளத்தை, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிக் கண்டான்! வட்டம், வில், நாண், சமச்சீர் என்று நான் கரும்பலகையில் எழுதியவையெல்லாம் அங்கே பெயரில்லாமல் நடமாடின. பரீட்சையில் தவறியவன் அவனா, நானா என்ற ஐயம் அன்றுதான் எனக்கு எழுந்தது.

கோயம்புத்தூரில் ஆலை அதிபர் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன், 1980களின் பிற்பகுதியில் மாருதிக் காரின் இயந்திரத்தைக் கொண்டு பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்த பின்னர், அவ்வூர்ப் பந்தயத் தடமொன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது. தகும். ஆனால் செல்வர் வீட்டார் செய்தால் பொறியியல் என்றும், லயத்துப் பையன் செய்தால் டிங்கர் வேலை என்றும் நாம் பெயர் மாற்றி அழைப்பது எந்த இலக்கணத்தின்படி?

இந்நாட்டுக் கைகளின் தரம் பிறநாட்டார் அறியாததன்று. மொரிஸ் மைனர் கார்களைப் புதுப்பிக்கும் நிலையமொன்றை இங்கிலாந்தின் பாத் நகரில் நடத்திய சார்ள்ஸ் வெயர், அக்கார்களுக்கு வேண்டிய உடற்தகடுகளை இலங்கையிலேயே செய்வித்தார். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, இருந்த வண்டிகளை ஓடவைத்தவர்களும் இந்த 'பாஸ்'மார்தாம். (ஒல்லாந்தர் விட்டுச்சென்ற அந்தச் சொல்லுக்கு எசமான் என்பதே பொருள், நாமோ அதனைத் தாழ்வாகவே உச்சரிக்கிறோம்.)

இனி என் வழக்குக்கு வருகிறேன். மூடிய வேலை அழகாக இருக்கிறது. மூடப்பட்டதன் விளைவு என்ன? சித்திரை மாதத்து மலைநாட்டில் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது வழமை. உலர்ந்த தரையில் இறுகப் பற்றும் அகன்ற டயர், நனைந்த வீதியில் கூடுதலான நீரை ஒதுக்கவேண்டியிருப்பதால், வேகம் மிகுந்தால் நீரின் மேலேயே மிதக்கத் தலைப்படும். வலப்பனையிலிருந்து ராகலைக்கு ஏறும் பாதையில் ஒருபக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்; பள்ளிப் பிள்ளைகள் நடப்பதோ இடையிலுள்ள விளிம்பில். பதிவு பெற்ற வண்டியின் அமைப்பை அனுமதியின்றி மாற்றலாகாது என்று சட்டம் சொல்வது வெறும் தொந்தரவுக்காக அன்று. பந்தயத் தடத்தில் ஓடவேண்டிய உடலைப் பஸ் பாதைக்குக் கொண்டுவருவதை நான் ஒப்பவில்லை.

இதைக் கேட்டபோது அவன், "அது மெக்கானிக் பாஸோட வேலைங்க சேர். நமக்குத் தகரம் மட்டுந்தான்" என்றான். அந்தப் பதில் என்னை உறுத்தியது. ஏனெனில் அது நான் கற்பித்த பதில். கணிதம் வேறு, வாழ்க்கை வேறு என்று பாடவேளைகளாகப் பிரித்துக் கற்பித்தவன் நானல்லவா? 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. சாதாரண தரக் கணிதத்தைக் கடவாதவனுக்கு அதன் வாசல் திறப்பதில்லை. கை தெரிந்தவனை வெளியே நிறுத்திவிட்டு, கை தெரியாதவர்களுக்குப் படம் வரைந்து காட்டுகிறோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஒரு கொப்பியுடன் கராஜுக்குச் சென்றேன். சக்கரத்தை வெளியே தள்ளினால் பேரிங் ஏன் விரைவில் தேய்கிறது என்று எந்தச் சூத்திரமும் எழுதாமல் கேட்டேன். அவன் விழித்தான். "உன் அம்மா கொழுந்துக் கூடையை எங்கே சுமக்கிறார்?"

"முதுகோட ஒட்டித்தான் சேர்."

"அதே கூடையைக் கை நீட்டித் தூக்கிப் பிடிக்கச் சொன்னால்?"

அவன் தன் முழங்கையை நீட்டிப் பார்த்தான். பிறகு திரும்பி, ஜாக்கியில் நின்றுகொண்டிருந்த வேறொரு காரின் சக்கரத்தைப் பார்த்தான். நெடுநேரம் பேசவில்லை.

"இத ஏன் சேர் அப்பவே சொல்லித் தரல?" என்றான்.