மட்டையும் கடவுச்சீட்டும்

சனிக்கிழமை அதிகாலையில் பம்பலப்பிட்டிக் காலி வீதியோரம் நின்று பார்ப்போருக்கு இரு வகைச் சிறுவர் கூட்டம் கண்ணிற்படும். முதுகிற் புத்தகப் பையைச் சுமந்து, வெள்ளவத்தைப் பக்கமாகத் தனியார் வகுப்புகளுக்கு விரைவோர் ஒரு கூட்டத்தார். இவர்களே பெருந்தொகையினர். மற்றையோர் மிகச் சிலர். தந்தையின் காரிலோ முச்சக்கர வண்டியிலோ, நீண்ட மட்டைப் பையொன்றை மடியிற் கிடத்திக்கொண்டு, கொழும்பு ஏழிலுள்ள டெனிஸ் ஆடுகளங்களை நோக்கிச் செல்வோர். முதற் கூட்டத்தார் எதற்காக ஓடுகின்றனர் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது கூட்டத்தாரிடம் அவர்தம் குறிக்கோள் யாதென வினவினால், விம்பிள்டன் என்று சொல்வோர் அரியர். “அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணி” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

இவ்விடையைக் கேட்டு முகஞ்சுளிப்போர் நம் இலக்கிய வட்டத்திற் பலருண்டு. விளையாட்டை விளையாட்டாக விரும்பாது, கடல்கடக்கும் தோணியாகக் கொள்வது இழிவென்பது அவர் கருத்து. நானும் ஒரு காலத்தில் அவ்வாறே பேசித் திரிந்தவன். இன்று அவ்வாறு பேச எனக்கு நாவெழவில்லை. அதற்கான காரணங்களைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோணியென்று கொண்டாலும், அத்தோணி நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உயரம் பாயக் கற்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், பதினெட்டு வயது நிரம்புமுன் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற் கலந்துகொண்டார். 1956 இல் மெல்பேர்னுக்கும் சென்றார். பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் விவசாயம் பயின்று, அப்பல்கலைக்கழக அணிக்காகவும் பாய்ந்தார். 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர் அவரே. அவ்விழா நடந்த அந்த மே மாத நாட்களிலேதான் இங்கு தமிழர் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அவர் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 2024 இல் மறைந்தார். பாய்ந்த காலும் படித்த தலையும் ஒருவருக்கே உரியனவாயிருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நமக்கு வேண்டுமோ?

டெனிசிலோ நாம் சென்னையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 1954 இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்று, 1960 இலும் 1961 இலும் அங்கே அரையிறுதிவரை சென்ற இராமநாதன் கிருஷ்ணனுக்கு அமெரிக்கக் கல்லூரி தேவைப்படவில்லை. தந்தையே ஆசான், சென்னையே பள்ளி. அக்காலம் வேறு. அரை நூற்றாண்டு கழிந்தபின், சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திற் சமூகவியல் படித்துக்கொண்டே 2007 இலும் 2008 இலும் அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் பட்டத்தை வென்றார். 2010 இல் ஆசிய விளையாட்டுத் தங்கமும் அவர் கைக்கு வந்தது. 2025 செப்டெம்பரில் சுவிட்சர்லாந்து மண்ணிலேயே அந்நாட்டவரை எதிர்த்து டேவிஸ் கிண்ணத்தில் வென்ற மதுரை இளைஞர் தட்சிணேஸ்வர் சுரேஷும் வேக் ஃபொரஸ்ட் பல்கலைக்கழக அணியில் ஆடித் தேறியவரே. ஆகவே கல்லூரி அணி என்பது ஆட்டத்தைத் துறந்தோர் ஒதுங்கும் மடமன்று. உலகின் பல திசைகளிலிருந்தும் வந்தோர் மோதும் களம் அது. முதற் பிரிவு ஆடவர் அணிகளில் அரைவாசிக்கு மேற்பட்டோர் பிறநாட்டவர்.

அங்கே ஆட்டத்தின் இயல்பே வேறுபடுகிறது என்பதையும் இடையிற் சொல்லிவிடுகிறேன். டெனிஸ் தனியன் ஆட்டம். பார்ப்போரும் வாய் பொத்தியிருப்பர். கல்லூரிப் போட்டியிலோ மூன்று இரட்டையரும் ஆறு ஒற்றையரும் ஆடுவர். இரட்டையரில் இரண்டை வென்ற அணிக்கு ஒரு புள்ளி, ஒற்றையருக்கு ஒவ்வொரு புள்ளி, மொத்தம் ஏழு. நான்கை முதலிற் பெறும் அணி வெல்லும். ஆறாவது ஆடுகளத்தில் ஆடும் பெயரறியாப் பையனின் தோளில் முழுப் பல்கலைக்கழகத்தின் மானமும் ஏறியிருக்க, அடுத்த ஆடுகளத்தில் ஆடுபவன் தன் ஆட்டத்துக்கிடையே அவன் பெயரைச் சொல்லிக் கூவுவான். தனித்துப் படித்துத் தனித்துச் சித்தியெய்தும் நம் பிள்ளைகளுக்கு இத்தகைய அனுபவம் வேறெங்குக் கிட்டும்?

இனி இதன் மறுபக்கம். ‘ஸ்கொலர்ஷிப்’ என்னும் சொல்லைக் கேட்டதும் நம் பெற்றோர் மனத்தில் ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசிலே தோன்றுகிறது. கிடைத்தால் முழுதாகக் கிடைக்கும், இல்லையேல் இல்லை. அங்குள்ள வழக்கமோ வேறு. 2025 வரை முதற் பிரிவு ஆடவர் அணியொன்றுக்கு அனுமதிக்கப்பட்ட புலமைப்பரிசில்கள் நாலரைதான். பயிற்றுநர் அந்த நாலரையை எட்டுப் பத்துப் பேருக்குப் பகிர்ந்தளிப்பார். ஒருவனுக்குப் பாதி, இன்னொருவனுக்குக் கால். ஹார்வார்ட், யேல், பிரின்ஸ்டன் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென்று ஒரு சதமும் கொடுப்பதில்லை. குடும்பத்தின் வசதியின்மையைப் பார்த்தே உதவுகின்றன. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும் விளையாட்டுப் புலமைப்பரிசில் கிடையாது. தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ஓராண்டுச் செலவு எண்பதாயிரம் டொலரைக் கடந்துவிட்டது. அதில் ‘கால்’ கழிந்தால் எஞ்சுவது எவ்வளவு என்பதைக் கணக்கிட உயர்தரக் கணிதம் வேண்டியதில்லை. 2022 இன் தொடக்கத்தில் இருநூறு ரூபாவாயிருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்திலேயே முந்நூற்றைம்பதைத் தாண்டியதைக் கண்ட நமக்கு இதனை விரித்துரைப்பானேன்?

2025 இல் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்படிக்கையால் அந்த நாலரைக் கணக்கும் மாறிவிட்டது. உடன்படிக்கையிற் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்குப் புலமைப்பரிசில் எண்ணிக்கையில் வரம்பில்லை. மாறாக, அணிக்குப் பத்துப் பேர் என்ற வரம்பு வந்துள்ளது. கேட்பதற்கு இது நன்மைபோலத் தோன்றும். ஆயின் அதே உடன்படிக்கை விளையாட்டு வீரர்க்கு நேரடியாகப் பணங்கொடுக்கவும் இடமளித்துள்ளது. அப்பணத்திற் பெரும்பங்கு அமெரிக்கக் காற்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் பாய்கிறது. டெனிஸ் அணியையே கலைத்துவிட்ட பல்கலைக்கழகங்களும் உள. பத்தாண்டுகளுக்கு முன் போனவனின் கதையைக் கேட்டு இன்று பிள்ளையை அனுப்ப முனைவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

பயிற்றுநர் எவ்வாறு தெரிந்தெடுக்கிறார்? நற்சான்றிதழ்களை அவர் பார்ப்பதில்லை, இலக்கத்தைப் பார்க்கிறார். யூ.டி.ஆர். என வழங்கும் தரமதிப்பீடு உலகத்து ஆட்டக்காரர் அனைவரையும் ஒன்று முதல் பதினாறரை வரையான ஒரே ஏணியில் நிறுத்துகிறது. யாரை வென்றாய், எத்தனை ஆட்டங்களை அவனிடமிருந்து பறித்தாய் என்பதே அதன் கணக்கு. தீவுக்குள்ளேயே ஒருவரையொருவர் வென்றும் தோற்றும் கொண்டிருப்போரின் இலக்கம் எளிதில் ஏறாது. வெளியார் எவரையும் சந்திக்காத குளத்து மீனின் எடையை எந்தத் தராசில் நிறுப்பது? கொழும்பிலும் சர்வதேச இளையோர் போட்டிகள் நடைபெறுவதுண்டு. ஆயினும் இலக்கம் உயர வேண்டின் இந்தியாவுக்கோ தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ பறந்துகொண்டேயிருத்தல் வேண்டும். விமானச் சீட்டு, விடுதி, உடன்செல்லும் தாய் தந்தையின் விடுமுறை ஆகியவற்றை எண்ணுங்கால், இது வசதியுள்ளோர் வாயில் என்பது வெளிப்படை. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியிற் சுவரில் பந்தடித்துக்கொண்டிருக்கும் பையனுக்கு இவ்வாயில் எங்கிருக்கிறது என்பதே தெரியாது.

இடைத்தரகர் கதையை நான் நீட்டப் போவதில்லை. பயிற்றுநரின் மின்னஞ்சல் முகவரி ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்திலும் பகிரங்கமாக உள்ளது. பிள்ளை ஆடும் காணொளி ஒன்று, இலக்கம், பரீட்சைப் பெறுபேறு, நல்ல ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் ஆகிய நான்கும் போதும். அக்கடிதத்தைத் திருத்திக் கொடுக்க ஓர் ஆங்கில ஆசிரியர் வேண்டும். இலட்சக்கணக்கிற் கூலி பெறும் தரகர் வேண்டுவதில்லை.

என் மனத்தை உறுத்தும் விடயம் வேறு. 1998 ஆம் ஆண்டு என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி இருந்தாள். பதினைந்து வயது. அவள் பந்தை அடிக்கும் ஓசை மைதானத்துக்கு அப்பாலிருந்த என் வகுப்பறைவரை கேட்கும். அவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சை நெருங்கிற்று. ஒரு நாள் அவள் தந்தையார் வந்து, மாலைப் பயிற்சியிலிருந்து மகளை நிறுத்திவிட வேண்டுமென்று கேட்டார். பாடங்கள் கெடுகின்றன என்பது வாயாற் சொன்ன காரணம். பிள்ளை வெயிலிற் கறுத்துப் போகிறாள், குட்டைப் பாவாடையோடு ஆடுகிறாள், நாளைக்குச் சம்பந்தம் பேசுகையில் இடைஞ்சல் என்பன சொல்லாமற் சொன்னவை. நான் மறுத்தேனா? இல்லை. “நல்லது ஐயா, படிப்பே முக்கியம்” என்று தலையசைத்து அனுப்பினேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மட்டையைப் பாடசாலைக் களஞ்சிய அறையில் ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்திட்டுச் சென்றாள்.

நான் அன்று அறியாதிருந்த செய்தியொன்றைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தேன். பொதுப்பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் வேறுபாடு கூடாதென்று அமெரிக்கா 1972 இல் ஒரு சட்டம் இயற்றிற்று. ஆடவர் காற்பந்து அணி ஒன்றே எண்பத்தைந்து புலமைப்பரிசில்களை விழுங்கிவிடுவதால், அதற்கு ஈடாகப் பெண்களுக்குப் பிற விளையாட்டுகளில் அள்ளிக்கொடுக்க வேண்டிய கட்டாயம் பல்கலைக்கழகங்களுக்கு ஏற்பட்டது. அதனாலேயே டெனிசில் ஆடவருக்கு நாலரையென்றிருந்த காலத்தில் பெண்களுக்கு எட்டு; அவ்வெட்டும் துண்டாடப்படாத முழுப் புலமைப்பரிசில்கள். பையன்கள் கால் பங்குக்கு அலைந்துகொண்டிருக்கையில், பெண்பிள்ளைகளுக்குக் கதவு அகலத் திறந்திருந்தது. அக்கதவை நோக்கி நடக்கத்தக்க கால்களை நாம் பதினைந்து வயதிற் கட்டிப்போட்டோம். அப்பிள்ளை அங்குச் சென்றிருப்பாள் என்று நான் சாதிக்கவில்லை. சென்றிருக்கக்கூடுமா என்று பார்ப்பதற்குரிய இரண்டு ஆண்டுகளை அவளிடமிருந்து பறித்தோரில் நானும் ஒருவன் என்பதே நான் சொல்வது.

பையன்களையும் பதினாறு வயதிற் பிடித்து நிறுத்துகிறோம். உயர்தர வகுப்பிற் சேர்ந்ததும் மட்டை பரணில் ஏறுகிறது. தகுதிபெறும் மாணவரிற் சிறு பங்கினரே நம் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைய முடிகிற நாட்டிற் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தை நான் ஏளனஞ் செய்யவில்லை. 1971க்குப் பின் தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர், ஒரு புள்ளியின் அருமையை உணர்ந்தோர், தம் பிள்ளையின் மாலைப்பொழுதைப் பந்துக்குக் கொடுக்கத் தயங்குவர். ஆயினும் அமெரிக்கக் கல்லூரியிடம் நம் பிள்ளைகள் விரும்பி ஓடுவது டொலரை அன்று என்றே எண்ணுகிறேன். படிப்பா ஆட்டமா என்ற கேள்வியை அது பதினாறு வயதுப் பிள்ளையிடம் கேட்பதில்லை. காலையில் வகுப்பு, மாலையிற் களம் என்று இரண்டையும் ஒரே மணியடியில் வைத்திருக்கிறது. புள்ளிகள் குறைந்தால் அணியிலிருந்தும் நிறுத்திவிடுகிறது. இத்தனைக்கும் பெரிய மூலதனம் வேண்டியதில்லை. ஒரு கால அட்டவணை போதும்.

ஆதலால், கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களையும் வெள்ளவத்தைத் தனியார் வகுப்பு ஆசான்களையும் நான் வேண்டுவது சிறிது. கிழமையில் இரண்டு மாலைகளை, உயர்தர மாணவர்க்கும் மாணவியர்க்கும், எந்த வகுப்பும் வைக்காது விட்டுவிடுங்கள். டெனிஸ்தான் ஆடவேண்டுமென்பதில்லை. ஆடுகளமில்லாத பாடசாலைகள், ஆடுகளமுள்ள அயற் பாடசாலையிடம் ஒரு மணி நேரத்தைக் கேட்டுப் பெறலாம். பம்பலப்பிட்டியிற் பாடசாலைகளுக்குப் பஞ்சமா? போகிறவன் போகட்டும். போனவன் திரும்பாவிடினும், போகமுடியாதவனுக்கு அந்த இரண்டு மாலைகள் எஞ்சும்.

சென்ற மாதம் வஜிரா வீதிப் பிள்ளையார் கோவில் வாசலில் ஒரு பெண்மணி என்னை நிறுத்தி, “ஸேர், என்னைத் தெரியுதா?” என்று கேட்டார். மட்டையை ஒப்படைத்த அந்த மாணவிதான். இப்போது வங்கியொன்றில் அதிகாரி. அருகில் பன்னிரண்டு வயது மகள், தோளில் மட்டைப் பையோடு நின்றாள். “இவளை உயர்தரம் வரைக்கும் விளையாட விடுற தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒண்டு சொல்லுங்கோ ஸேர், அங்க சேர்க்கிறன்” என்றார். அன்றுமுதல் மூன்று பாடசாலைகளில் விசாரித்துவிட்டேன். இரண்டு அதிபர்கள் சிரித்தனர். மூன்றாமவர் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.