கம்ப்யூட்டருக்குத் தண்ணி காட்டும் கூடலூர்க்காரர்கள்

கேமிங் கம்ப்யூட்டர் கட்டுகிற பசங்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். கண்ணாடிப் பெட்டிக்குள் நீலக்கலரில் தண்ணி ஓட வேண்டும்! யூடியூபில் யாரோ வெள்ளைக்காரர் அக்ரிலிக் குழாயைச் சூடு காட்டி வளைப்பதைப் பார்த்துவிட்டு, "ஏ.ஐ.ஓ எல்லாம் பொம்மைடா, கஸ்டம் லூப்தான் கெத்து" என்று வசனம் வேறு. பெங்களூரில் இருப்பவர்கள் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். கூடலூரில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுவது அநியாயம்.

தெரியாதவர்களுக்கு: ஏ.ஐ.ஓ என்பது பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாவற்றையும் கம்பெனியே இணைத்து, திரவம் நிரப்பி, சீல் வைத்துத் தருவது. கஸ்டம் லூப்பில் ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக வாங்கி வீட்டில் மாட்ட வேண்டும். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். பிராசசரின் சூட்டை எடுத்துப்போய் அறைக்காற்றில் கொட்டுவது. அறைக்காற்றைவிடத் தண்ணீரைக் குளிர்விக்க எந்த ரேடியேட்டராலும் முடியாது. சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. சென்னையில் மே மாதம் அறை 36 டிகிரி. சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற கூடலூரில் 27 என்று வைத்தால்கூட 9 டிகிரி இனாம்! நல்ல ஏ.ஐ.ஓவை விட்டுக் கஸ்டமுக்குப் போனால் பிராசசரில் பெரும்பாலும் இவ்வளவு கூடக் குறையாது.

கஸ்டம் கோஷ்டியிடம் உருப்படியான வாதம் ஒன்று உண்டு. விளையாடும்போது அதிகம் கொதிப்பது கிராபிக்ஸ் கார்டு, சாதாரண ஏ.ஐ.ஓ அதைத் தொடுவதே இல்லை. உண்மைதான். ஆர்டிஎக்ஸ் 4090 மாதிரி 450 வாட் பூதம் வைத்திருப்பவர்கள் அதைச் சொல்லலாம். 115 வாட் 4060-க்கு எதற்கு? அதன் சொந்த மின்விசிறிகளே தாராளம். கார்டுக்கு மாட்டும் வாட்டர் பிளாக்கோ குறிப்பிட்ட மாடலுக்கு மட்டும்தான் பொருந்தும். கார்டை மாற்றினால் அது பேப்பர் வெயிட்.

"ரிப்பேர் பண்ணலாமே" என்பது அடுத்த வாதம். பண்ணலாம், பொருள் கையில் இருந்தால். ஒரு ஃபிட்டிங் கசிந்தால் அதை ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். மைசூர்ப் பக்கமிருந்து வரும் பார்சல் வண்டிக்கு பந்திப்பூர் காட்டுப் பாதை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை மூடல் (யானைக்கு வழிவிடுவது நியாயம்தான், அதில் சண்டை இல்லை). ஆடி மழையில் ஊட்டி ரோட்டில் மண் சரிந்தால் அந்தப் பக்கமும் போச்சு. கூலன்ட்டை வேறு ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தெரியாமல் அலுமினிய ரேடியேட்டரையும் செம்பு பிளாக்கையும் ஒரே லூப்பில் சேர்த்தால் உள்ளுக்குள்ளேயே அரித்துத் தின்றுவிடும்.

ஏ.ஐ.ஓவும் சாகாவரம் வாங்கி வந்ததல்ல. பம்ப் போனால் மொத்தமும் போச்சு. ஆர்க்டிக் கம்பெனியின் லிக்விட் ஃப்ரீசர் 2 மாடலில் கேஸ்கெட் கோளாறு என்று 2022இல் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஆனால் சரிசெய்யும் கிட்டை இலவசமாக அனுப்பியதும் அவர்கள்தான். வீட்டில் மாட்டிய லூப் ஒழுகி மதர்போர்டு செத்தால் யாரிடம் போய் நிற்பது? மாட்டிய பையனே கஸ்டமர் கேர் :)

இன்னொரு புரளி: மழைக்காலத்தில் லிக்விட் கூலிங் வைத்தால் குழாயில் பனி மாதிரி வேர்த்துக் கொட்டுமாம். கொட்டாது. குழாயில் ஓடுவது அறையைவிடச் சூடான திரவம், அதன்மேல் எப்படி வேர்க்கும்?

காசுக் கணக்குக்கு வந்தால் வயிறு எரியும். ஓரளவு தரமான கஸ்டம் லூப் 40,000 ரூபாய் சுலபமாக விழுங்கும். பசுந்தேயிலை கிலோ 20 ரூபாய் என்றால் அது 2,000 கிலோ இலை. சிறு விவசாயி வீட்டில் அத்தனையையும் பறித்தது அம்மா கை. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் தண்ணியாக ஓடவிட்டு, ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதா?

65 வாட் ஐ5 வகையறாவுக்கு இரண்டாயிரம் ரூபாய் ஏர் கூலரே போதும். 253 வாட் வரை இழுக்கும் 14900கே போன்றதை வாங்கியே தீருவேன் என்பவருக்கு 360 மி.மீ. ஏ.ஐ.ஓ. மிச்சக் காசில் முதலில் ஒரு நல்ல யு.பி.எஸ், காற்றடித்தால் கரண்ட் போகிற ஊர். ஏ.ஐ.ஓ வாங்குபவர்கள் ரேடியேட்டரைப் பெட்டியின் கூரையில் மாட்டவும். அதன் மேல்முனை பம்ப்பைவிட உயரத்தில் இல்லாவிட்டால் காற்றுக்குமிழி பம்ப்பில் போய் உட்கார்ந்து கடகடவென்று சத்தம் போடும்.