கழுத்தில் தொங்கும் மணல் வாளி

பட்டாசு ஆலைக்குள் போயிருக்கிறீர்களா? அறைகளுக்கு வெளியே சிவப்பு பெயின்ட் அடித்த வாளிகள் வரிசையாகத் தொங்கும். தீப்பிடித்தால் அள்ளிக் கொட்ட மணல். இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு அந்த மணல் சலித்துப் போட்ட மாதிரி இருக்கும். மற்ற நாளில் எட்டிப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வாளியில் வேப்பஞ் சருகும், யாரோ கழற்றி வைத்த ரப்பர் வளையலும் கிடந்தன. மணல் இறுகிக் கல்லாகியிருந்தது. வாளி இருக்கிறது, ஆபத்துக்கு உதவாது.

அந்த வாளியை மறுபடியும் பார்த்தேன். இந்தத் தடவை சதுரகிரி மலையில், நண்பர் ஒருவரின் கழுத்தில்.

சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ் நடத்துகிறவர். ஐம்பதைத் தொட்டதும் டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். நடப்பதற்கு ஷூ வாங்கினால் போதும். இவர் வெளிநாட்டில் இருக்கும் மருமகனிடம் சொல்லி, நாற்பதாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு ஜிபிஎஸ் கருவி வரவழைத்தார். மலையேறுகிறவர்கள் கையில் வைத்துக்கொள்வார்களே, ரப்பர் உறை போட்ட முரட்டுக் கருவி, அது. "அண்ணாச்சி, இது தண்ணிக்குள்ள போட்டாலும் சாகாது, கீழ போட்டாலும் உடையாது" என்றார். தாணிப்பாறை அடிவாரத்தில், ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டு, அட்டைப்பெட்டியைக் கிழித்து முதல் தடவையாக ஆன் செய்தார்!

கருவி சாட்டிலைட்டைத் தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. அது கடைசியாக உயிரோடு இருந்தது வேறு நாட்டில். தலைக்கு மேல் எந்தச் சாட்டிலைட் இருக்கும் என்று அதன் கணக்கில் இருப்பதெல்லாம் அந்த ஊர்க் கதை. முதல் தடவை வெட்டவெளியில் அசையாமல் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் தானே பிடித்துக்கொள்ளும். இதை முந்தின நாளே வீட்டு மொட்டை மாடியில் செய்திருக்கலாம். மரத்தடியில் நின்று ஆட்டிக்கொண்டிருந்தால்?

ஒரு வழியாகப் பிடித்தது. சங்கிலிப்பாறை தாண்டி மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, கோயிலைக் குறித்து 'அங்கே போ' என்ற பட்டனை அமுக்கினார். 1.9 கிலோமீட்டர் என்றது. "முக்கால் மணி நேரத்துல சாமி கும்பிட்டுரலாம்" என்றார். கருவி காட்டியது காக்கா பறக்கிற தூரம். நாம் காக்கா இல்லையே! பாதை மலையைச் சுற்றிச் சுற்றித்தான் போகும். முள் காட்டிய திசையில் இவர் புதருக்குள் காலை வைக்க, இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு பாட்டி, வெறுங்காலோடு, தலையில் துணி மூட்டையோடு நின்று சொன்னார்: "அந்தப் பக்கம் ஓடை சாமி, கிடு கிடு பள்ளம். பாதை இந்தா இருக்கு." நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர இரண்டேகால் மணி நேரம் ஆனது.

அந்தப் பாட்டி அன்று வரவில்லை என்றால், பனி இறங்கியிருந்தால், நாங்கள் இருவரும் தனியாக இருந்திருந்தால்? சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். 2021-ல் அறிவித்தார்கள். அங்கே பாதையை விட்டு நூறு அடி விலகினாலும் ஆள் இருக்கிற இடம் தெரியாது.

சரி, இந்தக் கருவியே வேண்டாமா? "போன்லயே எல்லாம் இருக்கே சார்" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அவர்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. போனில் உள்ள ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. சிம் இல்லாத போனும் சாட்டிலைட்டிலிருந்து நேராக இடத்தைக் கண்டுபிடிக்கும். டவர் தேவைப்படுவது வரைபடத்தை இறக்கத்தான். வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கான ஜனங்களோடு ஏறுகிறவருக்கு அதுவும் வேண்டாம், முன்னால் போகிறவர் முதுகே போதும்.

ஆனால் கூட்டமில்லாத மலையில் போன் கைவிடும். டவர் கிடைக்காத இடத்தில் அது விடாமல் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும் (ஃப்ளைட் மோடில் போடுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை). மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை மசியாது. பாறையில் விழுந்தால் கண்ணாடி சிலந்தி வலை. தவிர, உதவிக்குக் கூப்பிட இருக்கும் ஒரே சாதனத்தை வழி பார்த்தே காலி செய்துவிட்டு, கடைசியில் எதை வைத்துக் கூப்பிடுவீர்கள்?

ஆக, தனிக்கருவி வாங்குவது தப்பில்லை. நம் ஆட்கள் வாங்குகிற லட்சணம்தான் தப்பு. கல்யாணத்துக்கு நகை எடுக்கிற மாதிரி வாங்குகிறார்கள். பெரிய திரை, கலர், கேமரா, பாட்டு. நான் பி.காம். படித்தவன். எனக்குத் தேய்மானக் கணக்கு தெரியும். வருடத்தில் இரண்டு நாள் வெளியே வருகிற நாற்பதாயிரம் ரூபாய்ச் சொத்து, ஒவ்வொரு தடவைக்கும் எத்தனை ஆயிரம் தின்கிறது என்று போட்டுப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது நாலே விஷயம். ஒன்று, பட்டன் இருக்க வேண்டும். இரண்டு, பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்சில் பேட்டரியில் ஓட வேண்டும். உள்ளேயே அடைத்த பேட்டரி தீர்ந்தால் நாவல் ஊற்றில் எந்தப் பிளக்கில் சொருகுவீர்கள்? 2000-ம் வருடம் வந்த கார்மின் இட்ரெக்ஸ் வரிசை இரண்டு பென்சில் பேட்டரியில்தான் ஓடியது. இன்றைக்கும் அந்த வரிசையில் அப்படி ஓடுகிற மாடல்கள் வருகின்றன, காரணம் இல்லாமலா? மூன்று, வெயிலில் திரை தெரிய வேண்டும். கடைக்காரர் ஏசி ரூமில் காட்டுவார். வெளியே எடுத்து வந்து பாருங்கள். நம்மூர் வெயிலை விடப் பெரிய பரீட்சை கிடையாது. நான்கு, தண்ணீர். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். குற்றால அருவியின் அடியில் பிடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

வாங்கிவிட்டீர்கள். இனிமேல்தான் விஷயமே. கிளம்புகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ட்ராக்' என்று ஒன்று இருக்கும், நடக்க நடக்க கோடு போட்டுக்கொண்டே வரும். அதை முதல் அடியிலேயே ஓட விடுங்கள். வழி தப்பினால் அந்தக் கோட்டைப் பிடித்து வந்த வழியே திரும்பலாம். கருவியின் முழு உபயோகத்தில் முக்கால்வாசி இதுதான். 'அங்கே போ' பட்டன் கடலுக்கும் பாலைவனத்துக்கும் சரி, மலைக்கு ஆகாது. ஆழமான ஓடைக்குள்ளும் அடர்ந்த மரத்தடியிலும் சிக்னல் பாறையில் மோதித் திரும்பி வரும், இடம் தள்ளிக் காட்டும். நாலைந்து மீட்டர் துல்லியம் என்பதெல்லாம் வானம் திறந்திருந்தால்.

பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தோடு ஒப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு வம்பு. அந்தக் காலத்து வரைபடங்கள் எவரெஸ்ட் துரை 1830-ல் போட்ட பூமிக் கணக்கில் வரைந்தவை. ஜிபிஎஸ் வேறு கணக்கு. இரண்டையும் அப்படியே பொருத்தினால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். நூறு மீட்டர் என்றால் ஓடைக்கு இந்தக் கரையா, அந்தக் கரையா?

அதைவிடப் பெரிய ஆபத்து நம் வாயில் இருக்கிறது. சதுரகிரிப் பக்கம் அட்சரேகை சுமார் 9 டிகிரி 42 நிமிடம். மாட்டிக்கொண்டவர் பதற்றத்தில் போனில் "ஒன்பது புள்ளி நாற்பத்திரெண்டு" என்பார். கேட்கிறவர் அதை 9.42 டிகிரி என்று எழுதிக்கொள்வார். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 31 கிலோமீட்டர். வத்திராயிருப்புக்கு மேலே கிடக்கிறவரை ராஜபாளையத்துக்குத் தெற்கே தேடுவார்கள். டிகிரியா, நிமிடமா என்று வீட்டிலேயே செட் செய்து, கூட வருகிறவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தால் உயிர் பிழைத்துவிடலாமா? அப்படிச் சொன்னால் நானும் அந்தக் கடைக்காரர் ஆகிவிடுவேன். 2015 மே மாதம் இதே சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது. 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, அன்றும் பிறகு ஆஸ்பத்திரியிலுமாக 23 பேர் இறந்தார்கள். எந்த ஜிபிஎஸ்ஸும் வெள்ளத்தை நிறுத்தாது, தீயை அணைக்காது. ஆனால் குரங்கணிச் சரிவில் கிடந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடி இறக்க இரவும் மறுநாளும் ஆனதே, அங்கே வேண்டியிருந்தது 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற ஒரு வரி.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஒரு வரியை டவர் இல்லாத இடத்திலிருந்து சாட்டிலைட் வழியாக அனுப்புகிற கருவிகள் உலகம் முழுக்க மலையேறுகிறவர்கள் பையில் இருக்கின்றன. ஆபத்துப் பட்டனை அமுக்கினால் போதும். நம் நாட்டில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடாக்காரப் பெண் ஒருவர் பையில் அது இருந்ததற்காகவே மாட்டிக்கொண்டார். சும்மா சிக்னல் வாங்குகிற ஜிபிஎஸ்ஸுக்குத் தடை இல்லை, பதில் அனுப்புகிற கருவிக்குத்தான். வாங்கும்போது இந்த வித்தியாசத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு போலீஸ் ஸ்டேஷனில் கேட்க வேண்டாம்.

பயம் எனக்கும் புரிகிறது. 2008 மும்பைத் தாக்குதல்காரர்கள் சாட்டிலைட் போனோடு கடல் வழியே வந்தவர்கள். ஆனால் தடையின் வேர் அதற்கும் முந்தியது. 1885-ம் வருடத்துத் தந்திச் சட்டத்திலும் 1933-ம் வருடத்து வயர்லெஸ் சட்டத்திலும் இருக்கிறது. அதற்கு ஒரு வருடம் முன்னால், 1884-ல், இதே வெள்ளைக்காரன் வெடிபொருள் சட்டம் போட்டான். அந்தச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் வாங்கித்தான் எங்கள் ஊர் பிழைக்கிறது. வெடிமருந்தை லைசென்ஸ் கொடுத்து அனுமதிக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, 'காப்பாத்துங்க' என்று சொல்கிற கருவியை அப்படி அனுமதிக்கத் தெரியாதா?

தெரியும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. கடலுக்குப் போகும் மீனவர்களுக்காக இஸ்ரோவே சாட்டிலைட் வழி ஆபத்து அறிவிப்புக் கருவி செய்து கொடுத்தது. 2010-லிருந்து ஓடுகிறது. 2024-ல் அடுத்த தலைமுறைக் கருவியும் வந்தது, 'உன் அழைப்பு கிடைத்தது' என்று பதில் சொல்கிற மாதிரி. கடலில் தொலைந்தவனுக்குக் கொடுத்ததை மலையில் தொலைந்தவனுக்கு ஏன் கொடுக்கக் கூடாது? 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளை ஆன்லைனில் முன்பதிவு செய்து போகிற மாதிரி திறந்துவிட்டது. நல்ல காரியம். பணம் வாங்குகிறார்கள், வழிகாட்டி வருகிறார். அந்த வழிகாட்டி கையில் அரசாங்கமே பதிவு செய்த ஒரு கருவியைக் கொடுங்கள், இறங்கியதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சதுரகிரிப் பாதையில் பாறைக்குப் பாறை நம்பர் போட்டு, அந்த நம்பர் எந்த இடம் என்று தீயணைப்பு நிலையத்தில் ஒரு பட்டியல் ஒட்டுங்கள். பெயின்ட் செலவுதான். எங்கள் ஊரில் வாளிக்கு அடிக்கிற சிவப்பு பெயின்ட்டே மீதி இருக்கிறது.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். திரும்பி வரும்போது, கருவியை விற்றுவிடலாமா என்றார். வேண்டாம், ஒரு மாதம் ஊருக்குள்ளேயே பழகுங்கள் என்றேன். இருட்டியபின் கண்மாய்க் கரையில் பைக்கை நிறுத்தி, இடத்தைக் குறித்து, ட்ராக்கை ஓடவிட்டு, கருவேலங்காட்டுக்குள் ஒரு சுற்று போய்விட்டு, திரையை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டும். கையில் டார்ச் இருக்கட்டும், பாம்புக்கு.

போன வாரம் இரவு பத்தரை மணிக்கு போன் வந்தது.

"அண்ணாச்சி, வந்துட்டேன். பைக் பக்கத்துல, நாலடி தள்ளித்தான் நிக்கிறேன்!"

"சபாஷ். கிளம்புங்க."

"பைக் சாவியத்தான் உள்ள எங்கயோ போட்டுட்டேன்."

கோட்டைப் பிடித்து மறுபடி உள்ளே நடங்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். பதினொன்றேகாலுக்கு மிஸ்டு கால் வந்தது.